அட்வான்ஸ் கொடுக்க முன் அடியைப் பாருங்கள்: ஜீப் கேள்வி-பதில்

கல்முனை வாசகர்: பிராடோ 150, 3.0 டீசல். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கட்கட்டென்று சத்தம். ஒயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடுகிறது.

இன்ஜெக்டருக்குக் கீழே இருக்கும் செம்பு வொஷர் கசிகிறது. எரிந்த புகை எஞ்சின் ஒயிலுக்குள் போய்க் கரி கட்டும். அந்தக் கரி, சம்ப்புக்குள் (எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) இருக்கும் ஒயில் வடியை அடைக்கும். அடைத்தால் எஞ்சினே போய்விடும். வொஷர்களை மாற்றும் அன்றைக்கே சம்ப்பைக் கழற்றி வடியையும் பாருங்கள். ஒயில் லைட் எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சம்மாந்துறை வாசகர்: நல்ல பெரிய ஜீப் ஒன்று என்ன விலைக்கு வாங்கலாம்?

என்ன மொடல், எந்த ஆண்டு, டீசலா பெற்றோலா, எத்தனை பேருக்கு? ஒன்றுமே எழுதாமல் விலை கேட்டால் நான் என்ன சொல்வது தம்பி? விபரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பொத்துவில் வாசகர்: பார்த்த வண்டிக்கு அடி முழுக்கப் புது அண்டர்கோட். கருகருவென்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

நம்பாதீர்கள். விற்கப் போகும் நேரத்தில் அடிக்கும் அண்டர்கோட் துருவை மறைப்பதற்குத்தான். 2020இல் இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும் வரை பழைய வண்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. இந்தப் பூச்சு வேலையும் கூடவே ஏறியது. துருவைச் சுரண்டாமல் மேலே தார்ப்பூச்சு அடித்தால் அது காய்ந்து வெடிக்கும். நம் கரையோரத்து உப்பு ஈரம் வெடிப்புக்குள் புகுந்து, காய வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பூசாமல் விட்ட சேசியை விட இதைத் துரு கெதியாகத் தின்னும்.

ஹொய்ஸ்ட்டில் ஏற்றி, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: பின் அச்சுக்கு மேலே சேசி வளையும் இடம், பின் ஸ்பிரிங் உட்காரும் இடம், லிங்க் ஆர்ம் வெல்டிங், பொடி மவுண்ட். கணீரென்றால் இரும்பு இருக்கிறது, மொத்தென்றால் மெலிந்துவிட்டது. பிரேக் பைப்பையும் துடைத்துப் பாருங்கள், பூச்சுக்குள் அதுவும் அரித்திருக்கலாம். தட்ட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

முறையான வேலை வேறு: கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியச் சுரண்டி, ரஸ்ட் கன்வேர்ட்டர், சிங்க் பிரைமர், பிறகு சேசிக்குள்ளே மெழுகு. கடற்கரை மணலில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் சேசி ஓட்டைகளுக்குள்ளும் அடித்துக் கழுவ வேண்டும்.

செங்கலடி வாசகர்: வெள்ளத்தில் அரை டயர் அளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

அச்சு நடுவில் இருக்கும் கியர் பெட்டியை, டிஃபரன்ஷியலைப் பார்த்தீர்களா? சூடான பெட்டி தண்ணீரில் குளிர்ந்தால், அதன் காற்றுக் குழாய் (பிரீதர்) அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். பிரீதரையும் சுத்தம் செய்யுங்கள்.

ஆரையம்பதி வாசகர்: மொண்டெரோ 3.2 மலிவாகக் கிடைக்கிறது. பிராடோவுக்கு இன்னும் காசு சேர்க்கவா?

கொழும்பு ஓட்டம்தான் கூடுதல் என்றால் மொண்டெரோ காசுக்கு நல்ல வண்டி. நாலு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், தூரப் பயணம் சுகம். திரும்ப விற்கும்போது பிராடோதான் காசு. மொண்டெரோவில் டைமிங் செயின் சத்தத்தைக் கவனியுங்கள். ஐட்லிங் ஏறி இறங்கினால் டீசல் பம்ப்பில் உள்ள சக்ஷன் வால்வை முதலில் சந்தேகியுங்கள். 1999க்குப் பிந்திய மொண்டெரோவுக்குத் தனிச் சேசி இல்லை, அது பொடியோடு சேர்ந்தே இருக்கிறது. துரு பிடித்தால் வெல்டிங் வேலை பெரிது. ஆகவே அதற்கும் அடியைப் பாருங்கள்.