"கையில் காசு இருந்தா யாராவது கேப்பாங்க டீச்சர்"

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அதில் நாலைந்து பேர் இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். சேமிப்பைப் பற்றி எவ்வளவோ சொல்லியும் முதல் சம்பளத்திலேயே தவணையில் செல்போன் வாங்கிவிட்டார்கள். கேட்டால், 'கையில் காசு இருந்தா யாராவது கேப்பாங்க டீச்சர்' என்கிறான் ஒருவன். இவர்களை எப்படித் திருத்துவது?"

திருத்துவதை விடுங்கள் சகோதரி, அந்தப் பையன் சொன்னதை வைத்தே வகுப்பை ஆரம்பியுங்கள். அவன் ஊதாரியில்லை. சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு, அக்காவுக்கு வளைகாப்பு, குழுக் கடன் கட்ட அம்மாவுக்கு ஐந்நூறு குறைகிறது, இப்படி வாரா வாரம் ஒன்று வரும் வீட்டில் மிச்சம் வைத்த காசு மிச்சமாக நிற்காது என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தே வளர்ந்திருக்கிறான், அதனால் யாரும் கேட்பதற்குள் அதைச் செல்போனாக மாற்றிவிட்டான். நம்மில் பலர் நகைக்கடையில் செய்வதும் இதேதான், ஆனால் நம்மை யாரும் திட்டுவதில்லை!

சேமிப்பு, வட்டி என்று போர்டில் எழுதுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேளுங்கள். வீட்டில் காசுப் பேச்சு எந்த நேரத்தில் வரும், சண்டையிலா சாப்பாட்டிலா? யார் கேட்டால் இல்லை என்று சொல்லவே முடியாது? சம்பளம் வந்த அன்று மனசு எப்படி இருக்கும், பத்தாம் நாள் எப்படி இருக்கும்? முதலில் உங்கள் பதிலைச் சொல்லுங்கள், அப்புறம்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். வீட்டுக் கடன் எவ்வளவு என்று மட்டும் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், கூசிப்போவார்கள். கற்பனையாக ஒரு குடும்பத்தைச் சொல்லி அவர்களைப் பேசவிட்டால் சொந்தக் கதை தானாக வரும்.

இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது, உறவு கெடாமல் 'இல்லை' என்று சொல்ல ஒரு வழி. அஞ்சலகத்தில் ஐந்து வருட ஆர்டி, அதாவது மாதா மாதம் ஒரு தொகை கட்டிவரும் சேமிப்புக் கணக்கு இருக்கிறது, மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். மூன்று வருடம் ஆகாமல் கணக்கை முடிக்க முடியாது. வங்கிக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம், ஆனால் "போஸ்ட் ஆபீஸ்ல மாட்டியிருக்கு மாமா" என்று சொல்ல முடிகிறதே, இவர்களுக்கு அதுதான் லாபம். சம்பளத்தில் ஒரு பங்கு அம்மாவுக்கு என்று அவர்களே பேசி வைத்துக்கொள்ளட்டும், அதைச் செலவு என்று நீங்கள் கணக்கெழுத வேண்டாம்.

இன்னொன்று. அவசரமாகப் பணக்காரன் ஆக வேண்டும் என்ற ஆசையையும் பேசியே ஆக வேண்டும். 2022-ல் நம்ம வேலூர், காட்பாடிப் பக்கம் மாதா மாதம் பெரிய வட்டி என்று நம்பிப் பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்களில் படித்தவர்களும் உண்டு. யார் சொல்லிப் போட்டார்கள் என்று பிள்ளைகளை விசாரித்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் சொந்தக்காரர் பெயர்தான் வரும்.

செல்போன் தவணை? அது போகட்டும், கட்டி முடிக்கட்டும். ரசீதை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, ரொக்க விலைக்கும் மொத்தம் கட்டும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.