3, 7, 10, 17, 27, ?, 71: பொன் விகிதம் எங்கே வருகிறது?

விடுபட்ட எண் எது, பொன் விகிதம் (இத்தகைய தொடரில் ஓர் எண்ணை அதற்கு முந்தையதால் வகுத்தால் போகப்போக நெருங்கிவரும் 1.618) எங்கே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். விடை 44. வித்தியாசங்களை எழுதிப் பாருங்கள்: 4, 3, 7, 10. இரண்டாவதிலிருந்து அதே தொடர் திரும்ப வருகிறதே, முந்தைய இரண்டைக் கூட்டும் தொடர் என்பதற்கு அதுதான் அடையாளம். 17+27=44; 27+44=71 என்று கடைசி எண்ணும் ஒத்துப்போகிறது.

"7/3 = 2.33, அப்புறம் எப்படி 1.618?" என்று கேட்டிருந்தீர்கள். தொடக்கத்தில் வராது. விகிதங்கள் 2.333, 1.429, 1.7, 1.588, 1.630, 1.614 என்று மேலும் கீழும் ஆடித்தான் நெருங்கும்.

அடுத்த எண்ணைக் காண, ஓர் எண்ணை 1.618-ஆல் பெருக்கி முழுமையாக்கியபோது உங்களுக்குத் தப்பு வந்ததும் இதனால்தான். 17×1.618 = 27.506, முழுமையாக்கினால் 28, சரியான எண் 27. இந்தப் பிழை (சரியான அடுத்த எண்ணிலிருந்து பெருக்கி வந்ததைக் கழித்தது) ஒவ்வொரு படியிலும் 0.618 மடங்காகச் சுருங்கி, குறியும் மாறும். 3-இல் 2.146, 7-இல் −1.326, 10-இல் 0.82, 17-இல் −0.507, 27-இல் 0.313. அரைக்குக் கீழே போன பிறகுதான், அதாவது 27-இலிருந்து, பெருக்கல் வழியை நம்பலாம். எண்கள் பெரிதானால் 1.618-உம் போதாது, 1.618034 வேண்டும்.

20-ஆவது உறுப்புக்கு வரிசையாகக் கூட்ட வேண்டாம். 1, 1, 2, 3, 5 என்று போகும் ஃபிபனாச்சியின் 18-ஆவது எண் 2584, 19-ஆவது 4181. நம் தொடரின் முதல் இரண்டு எண்களான 3, 7-ஐ இவற்றால் பெருக்கிக் கூட்டினால் போதும்: 3×2584 + 7×4181 = 37019. அதை 1.618-ஆல் பெருக்கினால் 59897 வரும். 21-ஆவது உறுப்போ 59898. தேர்வில் அடுத்த எண்ணுக்கு 1.618-ஆல் பெருக்கவே பெருக்காதீர்கள், கூட்டல் போதும்.