நாலாவது கால் கறுத்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: மார்வாரி குதிரை வளர்க்கும் நான் சினையாக இருந்த பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். பொலிகுதிரை பஞ்சகல்யாணி (நாலு காலும் முகமும் வெள்ளை), குட்டியும் அப்படியேதான் விழும் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். பிறந்த குட்டிக்கு மூன்று கால்தான் வெள்ளை. ராசியில்லை என்று, குட்டியை வாங்கப் பேசி முடித்த ஆள் பின்வாங்கிவிட்டார். மோசடி வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: நாலு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு வரிதான். விற்பனைச் சீட்டில் 'பஞ்சகல்யாணிப் பொலிகுதிரைக்குச் சினையான பெட்டை' என்று இருக்கிறது. அந்தச் சொல் தகப்பனைப் பற்றியது, குட்டியைப் பற்றியது அல்ல. விற்றவர் போனை எடுக்காதது, ஊரார் முன்னால் சிரித்தது எல்லாம் வருத்தம்தான், வழக்கு இல்லை.

விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஆகவே கேள்வி ஒன்றுதான்: தகப்பன் அந்தக் குதிரைதானா? பிடரி முடியை வேரோடு எடுத்து டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடும். தகப்பன் வேறு என்றால் திரும்ப வாருங்கள், பேசலாம். அதே குதிரைதான் என்றால், 'அப்படியேதான் விழும்' என்பது வெறும் ஆரூடம். வெள்ளை பரம்பரையில் வருவது உண்மைதான். ஆனால் எவ்வளவு விழும் என்பதில், கருவில் நிறமிச் செல்கள் கால்நுனி வரை போய்ச் சேர்கின்றனவா என்ற தற்செயலும் கலந்திருக்கிறது. குளோனிங்கில் பிறந்த குதிரைகளுக்கே வெள்ளை அச்சாக ஒரே மாதிரி விழுவதில்லை. எதிர்த்தரப்பு ஒரு கால்நடை மருத்துவரைக் கூண்டில் ஏற்றி இதைச் சொல்ல வைத்தால் போதும். மோசடிக்கு ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டும். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பெட்டையை மறுபடி வேறு பொலிகுதிரைக்குச் சேர்த்துவிட்டீர்கள். சொந்தக்காரன் செய்யும் காரியம் அது. அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பெட்டையைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் வழி அதோடு அடைபட்டது. தகப்பன் வேறு என்றே தெரிந்தாலும் இனி நஷ்டஈடு மட்டும்தான்.

ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில். கோபத்தில் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் இருக்கிறதே, என் கட்சிக்காரர்கள் அதிகம் விழுந்த குழி அதுதான். நஷ்டத்தைப் பெரிதாகக் காட்ட, 'குட்டி ராசியற்றது, காசுக்கு ஆகாது' என்று எழுதச் சொல்வார்கள். வழக்கு இழுக்கும். நடுவில் நல்ல விலைக்கு ஒருவர் வருவார். விற்றால், நஷ்டம் எங்கே என்று எதிர்த்தரப்பு அந்த ரசீதை நீட்டும். விற்காவிட்டால் தீவனச் செலவு உங்கள் தலையில். வந்தவர் கையில் நோட்டீஸ் நகல் கிடைத்தால் அவரும் போய்விடுவார். தன் குதிரையைத் தானே மட்டம் தட்டிக் கையெழுத்துப் போட்ட ஆளை எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது. (1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உதாரணம் சொல்வதும் குதிரையை வைத்துத்தான். ஏலத்தில் விற்பவன் குறையைச் சொல்லாமல் இருந்தால் அது மோசடியில்லை. 'நீ மறுக்காவிட்டால் குறையில்லை என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குபவன் சொன்ன பிறகும் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நாளைக்குக் குட்டியை விற்கும்போது அந்த இடத்தில் நிற்பவர் நீங்கள்.)

இன்னொன்று. பெட்டை சாம்பல் நிறம் என்கிறீர்கள். குறைந்தது பாதி வாய்ப்பு, குட்டியும் வயது ஏற ஏற வெளுக்கும். கண்ணைச் சுற்றி நரைமுடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், தீர்ப்பு வரும் காலத்தில் எந்தக் கால் கறுப்பு என்று நீதிபதியே தேட வேண்டியிருக்கும்.

சமாதானமாகப் போங்கள். அடுத்த தடவை அதே பொலிகுதிரையை இலவசமாகச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லை விலையில் ஒரு பகுதியைக் கேளுங்கள். ராசி என்ற சொல்லே கடிதத்தில் வரக் கூடாது. பேசப் போகும் முன் கால்நடை மருத்துவரை வைத்துக் குட்டியின் நாலு காலையும் முகத்தையும் தேதியோடு படம் எடுத்து, குறிகளை அவர் கையால் வரைந்து வாங்கி வையுங்கள்.