வன உரிமை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து ராகி விதைக்கும் 2 ஏக்கருக்கு வன உரிமைப் பட்டா கேட்டு மனுப் போட்டோம். கிராம சபை ஒப்புக்கொண்டது. மேலே போன பிறகு, ‘2005ஆம் ஆண்டு செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை’ என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இனி என்ன வழி? (வாசகர், தாளவாடி)

பதில்: முதலில் உத்தரவின் தேதியைப் பாருங்கள். வன உரிமைச் சட்டப்படி, கிராம சபைக்கு மேலே உள்ள கோட்ட அளவிலான குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவுக்கு மனுச் செய்ய 60 நாள் இருக்கிறது. தக்க காரணம் சொன்னால் குழு மேலும் 30 நாள் தரலாம். மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். மனுவைக் கொடுத்துவிட்டு, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அடுத்தது அந்த ஒற்றை வரி. கிராம சபை ஏற்றதை மேல் குழு மாற்றவோ நிராகரிக்கவோ வேண்டுமானால் காரணங்களை விளக்கி எழுத வேண்டும் என்கின்றன இந்தச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகள். தீர்மானத்தில் குறையிருந்தாலும், மேலும் விசாரிக்க வேண்டியிருந்தாலும், தள்ளுபடி செய்யாமல் கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் மனுவில் முதல் வாதமாக இதையே வையுங்கள்.

செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான். மற்றச் சான்றுகளை அது தள்ளிவைக்க முடியாது. கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்தையே ‘காடு’ என்போம். அறுவடை முடிந்தோ தரிசாகவோ கிடக்கிற ராகிக் காடு மேலிருந்து எடுத்த படத்திலும் புதராகத்தான் தெரியும். சட்டம் கேட்பது 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் உங்கள் கைவசம், அனுபவத்தில் இருந்ததா என்பதை. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். கல்வரப்பு, சமன் செய்த மேடு, குடிசை, தடுப்பணை, பழைய கிணறு, மூதாதையர் புதைகுழி எல்லாம் கணக்கில் வரும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி இணையுங்கள். பலர் வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு காகிதம் உண்டு: அந்த நிலத்தில் உழுததற்காக வனத்துறை அன்று போட்ட வழக்கு அல்லது அபராத ரசீது. 2005க்கு முந்தியது என்றால், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று அரசே எழுதித் தந்த சாட்சி அது. அவசியம் இணையுங்கள்.

கள ஆய்வுக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்தும் வனத்துறையினர் வராமல், பிறகு ஆட்சேபித்தால், மனு மறு ஆய்வுக்குக் கிராம சபைக்குத் திரும்பும். அப்போதும் வராவிட்டால் கள ஆய்வு பற்றிச் சபையின் முடிவே இறுதி. இதை நிரூபிக்க அழைப்புக் கடிதத்தின் நகல் வேண்டும். அது இல்லாமல் தோற்ற மனுக்கள் ஏராளம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் எட்டுக் குக்கிராமங்கள். கிராம சபையில் ‘கோரம் இல்லை’ என்றே மூன்று முறை கலைந்துவிட்டது. (வாசகர், ஜவ்வாதுமலை)

பதில்: கலையத்தான் செய்யும். இந்தச் சட்டத்தின்படி உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். மனுக்கள் மீது தீர்மானம் போடும்போது மனுதாரர்களிலும் பாதிப் பேர் இருக்க வேண்டும். எட்டு ஊரை ஒரே இடத்தில் கூட்டினால் இது நடக்கிற காரியமா? மக்கள் உண்மையில் வாழும் ஊர் அளவில் சபையைக் கூட்ட வேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் நலத்துறை 2012 ஜூலையிலேயே வழிகாட்டியது. அதைச் சுட்டிக்காட்டி ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். அந்தச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் வரை இருக்கலாம். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: நியம்கிரி மக்கள் பாக்சைட் சுரங்கத்தை நிறுத்தியது போல எங்கள் மலையிலும் முடியுமா? (வாசகர், கொல்லிமலை)

பதில்: ஒடிசாவின் நியம்கிரி மலையில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்வோம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், டோங்கிரியா கோண்டு மக்களின் வழிபாட்டு உரிமையையும் வன உரிமையையும் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டில் கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட இடமே இல்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கான ‘பெசா’ என்னும் ஊராட்சிச் சட்டம் உங்களுக்குக் கிடைக்காது, வன உரிமைச் சட்டம் கிடைக்கும். ஆனால் வெட்டப்போகும் சர்வே எண் வன நிலமாக இருந்தால்தான். வருவாய்ப் பட்டா நிலம் என்றால் இந்தச் சட்டம் எட்டாது. கிராமத்தின் நில விவரங்கள் உள்ள ‘அ’ பதிவேட்டில் அதை முதலில் பாருங்கள். இன்னொன்று: இந்த உரிமையில் கனிமம் சேராது. தேன், மூங்கில் போன்ற சிறு வனப் பொருள்களுக்கு உரிமை உண்டு, அடியில் கிடக்கும் பாக்சைட்டுக்கு இல்லை.

வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கிராம சபை ஒப்புதல் தேவை என்று அந்த அமைச்சகத்தின் 2009 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கை சொன்னது. சாலை, மின்பாதை, குழாய் போன்றவற்றுக்கு 2013இல் பெருமளவு விலக்குத் தந்துவிட்டார்கள். 2022ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகளோ, உரிமைகளைத் தீர்த்துவைக்கும் வேலையை மத்திய அனுமதிக்குப் பிந்தைய கட்டமாக்கி மாநில அரசிடம் தள்ளிவிட்டன. முடிவெடுத்த பிறகு சம்மதம் கேட்பது எந்த வகைச் சம்மதமோ!

அதனால் சுரங்கக்காரர் வரும்வரை காத்திராதீர்கள். சமூக வன வளத்துக்கான, அதாவது ஊரே சேர்ந்து காத்துப் பயன்படுத்தும் காட்டுக்கான ‘சி’ படிவத்தை இப்போதே போடுங்கள். எல்லையை நடந்து பாருங்கள். ஓடை, மேய்ச்சல் இடம், தேன் பாறை, கோயில், சுடுகாடு என்று ஊர் வழங்கும் பெயர்களோடு வரைபடம் எழுதுங்கள். பக்கத்து ஊரின் எல்லையும் உங்கள் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டு ஊர் வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுத்தில் முடிவெடுங்கள். இழுபறி வழக்கமாக இங்கேதான் தொடங்கும்.

கேள்வி: வன உரிமைப் பட்டாவை விற்கலாமா? (வாசகர், பெண்ணாகரம்)

பதில்: முடியாது. வாரிசுக்குப் போகும், வேறு யாருக்கும் மாற்ற இயலாது. உச்சவரம்பு 4 ஹெக்டேர், ஏறக்குறைய 10 ஏக்கர். மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்துதான் வர வேண்டும். மனைவி பெயர் விடுபட்டிருந்தால் திருத்தக் கேளுங்கள்.