அந்த இராத்திரி ஆட்டை யார் பார்த்தது?

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் வசிக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். ஆகஸ்டில் அப்பா காலமானார். இது அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். துக்க வீட்டில் ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். ஆண்டுதோறும் எங்களிடம் பலகாரம் வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் இந்துக்கள், "இந்த வருஷம் நாங்க சுட்டுக் கொண்டாறோம்" என்றார். அம்மா மறுத்துவிட்டார். "நம்ம பண்டிகைக்கு அவங்க எதுக்குச் செய்யணும்?" என்கிறார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடு மேய்க்கிறவர்கள்கூட வந்து வணங்கிய குழந்தை, எல்லோருக்குமான மகிழ்ச்சி என்று கோயிலில் கேட்கிறேன். வீட்டில் யாரும் சிரிக்கவே இல்லாதபோது அந்த மகிழ்ச்சியை நடிக்க வேண்டுமா? தவிர, டிசம்பர் 25 என்ற தேதியே பைபிளில் இல்லை என்கிறார் என் நண்பர். விளக்க வேண்டும்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், குடில் கட்டுவதற்காகப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, பழைய தினத்தாளில் சுற்றி வைத்திருந்த மண்பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூக்கு உடைந்த மேய்ப்பன் ஒருவன் கையில் இருந்தான். அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் உங்களுக்கான பதில் ஜனவரிக்குத் தள்ளிப் போயிருக்கும்.

தேதியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நற்செய்திகளில் தேதி இல்லை என்பது உண்மைதான். உரோமையில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் டிசம்பர் 25 வருகிறது. அந்தப் பட்டியல் 336ஆம் ஆண்டளவில் உருவானது என்பது அறிஞர்கள் கணக்கு. என் அப்பாவின் பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் அவராகவே போட்டுக்கொண்டது. நம் மாவட்டத்தில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் என் அப்பா பிறக்கவே இல்லை என்று இதுவரை யாரும் வாதாடியதில்லை. உங்கள் நண்பருக்கு இவ்வளவு போதும்.

நடிக்க வேண்டாம். நடிக்கச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவும் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28இல், ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூர்கிறது. தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுக்கிற பழைய ஏற்பாட்டுத் தாய் ராகேலை நற்செய்தியாளர் மத்தேயு அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆறுதல் பெற மறுக்கிறவளுக்கும் இந்தக் கதைக்குள் இடம் இருக்கிறது. அவளை வெளியே போய் அழுதுவிட்டு வரச் சொல்லவில்லை. வானதூதர் முதலில் சொன்னதும் 'மகிழுங்கள்' என்பதல்ல, 'அஞ்சாதீர்கள்' என்பது. பயந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் சொல்லப்பட்ட செய்தி அது.

இனி உங்கள்மேல் எனக்குள்ள கோபத்துக்கு வருகிறேன். "ஆடு மேய்க்கிறவர்கள்கூட" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் 'கூட' என்கிற இரண்டெழுத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்; அதில் கூட என்பதே இல்லை. பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, போனால் போகிறது என்று ஆட்டுக்காரர்களையும் உள்ளே விட்டார்கள் என்ற பொருளை அந்தச் சொல் கொண்டுவருகிறது. நடந்தது வேறு. செய்தி முதலில் அவர்களுக்குத்தான் வந்தது. பொன்னும் தூபமும் கொண்டுவந்த ஞானிகளைப் பற்றிச் சொல்பவர் மத்தேயு. லூக்காவின் கதையில் அவர்கள் இல்லவே இல்லை. "எல்லா மக்களுக்கும் பெரும் மகிழ்ச்சியூட்டும் நற்செய்தியை உங்களுக்கு அறிவிக்கிறேன்" என்று வானதூதர் சொன்னபோது எதிரில் நின்றவர்கள், வயல்வெளியில் இரவெல்லாம் கிடையைக் காத்துக்கொண்டிருந்த சிலர் மட்டுமே. எல்லோருக்குமான செய்தியை யாரிடம் முதலில் சொல்வது என்று தேர்ந்தபோது, வேலையை விட்டு நகர முடியாதவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இதில் எந்த இடத்தில் உங்கள் 'கூட' உட்காரும்? இது உங்கள் ஒருவரின் பிழை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஏழைகள்கூட, படிக்காதவர்கள்கூட, அந்தத் தெருக்காரர்கள்கூட என்று ஆண்டு முழுவதும் பேசிப் பழகிய நாக்கு, டிசம்பரில் மட்டும் எப்படித் திருந்தும்?

காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து அம்மாவும் நானும் அரிக்கேன் விளக்கோடு மூன்று மைல் நடந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கேழ்வரகு அறுத்து முடித்த எங்கள் கொல்லையில் அந்த வாரம் ஆட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். எரு வேண்டுமென்று அப்பாதான் பேசி வரவழைத்திருந்தார். இராத்திரிக்கு இத்தனை படி கேழ்வரகு என்று கூலி. மூங்கில் படலைச் சுற்றிலும் கட்டி ஆடுகளை உள்ளே அடைத்துவிட்டு, ஒரு பெரியவர் கருங்கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நெருப்பருகே உட்கார்ந்திருந்தார். வீட்டில் கன்னடமும் எங்களோடு தமிழும் பேசுகிறவர். பனி இறங்கிக் கம்பளியின் மயிர் நுனியெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கம்பளியின் மடிப்புக்குள் ஏதோ அசைந்தது. அன்று பொழுது சாய்ந்தபோது ஈன்ற குட்டி, ஈரம் காய்வதற்காக உள்ளே வைத்திருக்கிறார்.

அம்மா மடியிலிருந்த கச்சாயத்தை, வெல்லப் பாகில் செய்த பலகாரத்தை, எடுத்து அவரிடம் கொடுத்தாள். "கோயில்ல இன்னா சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். "ஆடு மேய்க்கிறவங்களுக்குத்தான் சாமி பொறந்த சேதி மொதல்ல வந்துச்சாம். உடனே எழுந்திருச்சு ஓடிப் போய்ப் பார்த்தாங்களாம்" என்றாள் அம்மா. அவர் கச்சாயத்தைப் பிட்டுப் பாதியை எனக்கு நீட்டிவிட்டு, நெருப்பைக் கிளறியபடி கேட்டார்: "அப்போ அந்த ராத்திரி ஆட்ட யாரு பாத்துக்கினாங்க?"

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "ஒருத்தனாவது நின்னுருப்பான். நரி இருக்குது, திருடன் இருக்கான். அத்தன பேரும் போவ முடியாது."

இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் இந்தக் கேள்விக்கு இணையாக ஒன்று வரவில்லை. லூக்கா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆடு மேய்த்தவர் அல்ல. ஆனால் பெத்லகேம் என்ற ஊருக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அதே ஊரில், அரசனைத் தேர்ந்தெடுக்க வந்த இறைவாக்கினர் சாமுவேலின் முன்னால் ஈசாய் தன் பிள்ளைகளில் ஏழு பேரை ஒவ்வொருவராக நிறுத்தினார். ஒருவரும் தேறவில்லை. உன் பிள்ளைகள் இவ்வளவுதானா என்று சாமுவேல் கேட்ட பிறகுதான், இளையவன் ஒருவன் இருக்கிறான், ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவர் வாயிலிருந்து வருகிறது. உங்கள் 'கூட' ஈசாயிடமும் இருந்திருக்கிறது பாருங்கள். அவன் வரும்வரை நாங்கள் பந்தியில் அமர மாட்டோம் என்றார் சாமுவேல். ஆட்டோடு நின்றுபோனவன்தான் தாவீது. அந்தத் தாவீதின் ஊரில், அந்தத் தாவீதின் வழிவந்தவராகப் பிறந்த குழந்தையின் பிறப்பைக் கொண்டாடும் நாம், ஆட்டோடு நின்றவனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

அந்த ஒருவனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேரொளியை அவனும் கண்டான், செய்தியை அவனும் கேட்டான். மற்றவர்கள் போய்த் தீவனத் தொட்டியில் கிடந்த குழந்தையைக் கண்ணால் பார்த்தார்கள், அவன் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பி வந்து சொல்கிறவரை, ஊர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்திருப்பான். திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் நிலைத்து நிற்பவை என்று சொல்லும் மூன்றைப் பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்றது. இன்று நம் கோயில்களில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. எதிர்நோக்கு என்ற சொல் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, அலுவலகக் கடிதத்தில் வருகிற சொல்போல இருந்தது. கருங்கம்பளி போர்த்திய அந்தப் பெரியவரை நினைத்த பிறகு பிடித்துப்போயிற்று. வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. கண்ணால் கண்டுவிட்டதை யாரும் எதிர்நோக்கிக் காத்திருக்க மாட்டார்கள் என்று உரோமையருக்கு எழுதும்போது பவுலும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். போனவர்களும்தான் என்ன செய்தார்கள்? கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள் என்கிறார் லூக்கா. எங்கே திரும்பினார்கள்? அதே ஆடுகளிடம், அதே குளிருக்கு. ஏரோது அரண்மனையில்தான் இருந்தான், உரோமையர்களின் வரி குறையவில்லை. எதுவும் மாறாத ஓர் ஊருக்கு மகிழ்ச்சியோடு திரும்ப முடிந்தது என்பதுதான் அந்தச் செய்தியில் இருந்த வலு. எல்லாம் சரியாகிவிட்டவர்களுக்கு மட்டும் வருகிற மகிழ்ச்சியாக இருந்திருந்தால் அதை 'எல்லா மக்களுக்கும்' என்று சொல்லியிருக்க முடியாது.

அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக் குடிலில் அம்மா ஒரு மேய்ப்பனை மட்டும் உள்ளே வைப்பதில்லை. நான்கைந்து ஆடுகளோடு வைக்கோலின் விளிம்பில் தள்ளி வைப்பாள். போகிற வருகிறவர்களின் கால் பட்டுத்தான் அவன் மூக்கு உடைந்தது.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைம்பெண்ணை நல்ல காரியத்தில் பின்னால் நிற்கச் சொல்கிற வழக்கம் நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் இருக்கிறது. யாரும் சொல்லாவிட்டாலும் அவர்களாகவே பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். லூக்காவின் அதே அதிகாரத்தில் அன்னா என்று ஒருவர் வருகிறார். மணமாகி ஏழே ஆண்டுகளில் கணவரை இழந்தவர், கோவிலை விட்டு நீங்காதவர், எண்பத்து நான்கு என்று அவருக்கு வயதும் சொல்கிறார் லூக்கா. பெற்றோர் கோவிலுக்குக் கொண்டுவந்த குழந்தையைக் கண்டு, மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அதைப் பற்றிப் பேசியவர் அந்தக் கைம்பெண்தான். மேய்ப்பர்களுக்கு அடுத்தபடியாக ஊரறியச் சொன்னவர். இதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்களாக விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஸ்டார் கட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் அம்மாவின் மனத்துக்கு விட்டுவிடுங்கள். உறவினர்களின் வாய்க்கு விடாதீர்கள். பலகாரம் சுட அவருக்குக் கை வரவில்லை என்றால் சுட வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவை வேண்டாம் என்று சொன்னது தவறு, தம்பி. இத்தனை வருடமாக உங்கள் வீட்டுத் தட்டு அந்தச் சுவரைத் தாண்டிப் போனபோது 'எல்லோருக்கும்' என்று சொல்லிக்கொண்டீர்கள். ஒரு வருடம் தட்டு அங்கிருந்து வருகிறது என்றதும் 'நம்ம பண்டிகை' ஆகிவிட்டதா? கொடுப்பதற்கு மட்டும் எல்லோரும், வாங்கிக்கொள்வதற்கு நாம் மட்டும் என்று எந்த வானதூதர் சொன்னார்? இன்றைக்கே போய் அந்த அக்காவிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். கச்சாயம் சுடத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் அம்மாவை அடுப்பருகே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வெல்லப் பாகின் பதம் தப்பினால் அது கல்லாகிவிடும்.

அன்புடன்.