வாசகர் கேள்வி-பதில்: டைட்டானிய மடக்குக் கத்தி

மடக்குக் கத்தியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதப்போய், இம்மாதம் ஐந்து மடல்கள் வந்திருக்கின்றன. முதல் மடலுக்கு இடம் அதிகம் தேவைப்பட்டது. மற்ற நால்வரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பிறந்தநாள் பரிசாக என் மனைவி 320 வெள்ளிக்கு வாங்கித் தந்த டைட்டானிய மடக்குக் கத்தியை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிதில் அலகின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த பூட்டுத் தகடு இப்போது கிட்டத்தட்டப் பாதிவரை உள்ளே நகர்ந்துவிட்டது. "டைட்டானியம் என்று சொல்லி மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்கிறார் நண்பர். அப்படித்தானா? — வாசகர், ஈசூன்

பதில்: நண்பர் அவசரப்படுகிறார். உங்கள் கத்தியில் இருப்பது, பிடியின் ஒரு பக்கத் தகட்டையே நாக்குப்போல நீளவாக்கில் அறுத்து உட்புறமாக வளைத்துச் செய்த பூட்டு. அலகை விரித்ததும் அந்த நாக்கு அதன் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கிறது. கத்தி செய்பவரான கிறிஸ் ரீவ் இந்த அமைப்பைப் பரவலாக்கிய காலந்தொட்டு, விலை கூடிய கத்திகளில் இதையே அதிகம் காண்கிறோம். டைட்டானியம் இதற்குப் பொருந்துவதற்குக் காரணம் அதன் வளையும் தன்மை. அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் வலிமை அதிகம். ஆகவே ஆயிரம் முறை வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதே உலோகத்திற்கு ஒரு பலவீனமும் உண்டு. பிடிக்கு வழக்கமாகப் பயன்படுவது 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியம். அதன் கடினம் ராக்வெல் அளவில் 36 அளவில் நிற்கிறது. அலகின் எஃகோ 60ஐ ஒட்டியது. கடினமானது மென்மையானதை ஒவ்வொரு முறையும் சற்றே அமுக்கித் தேய்ப்பதால், முதல் சில மாதங்களில் நாக்கு உள்ளே நகர்வது இயல்பு. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் வந்து அங்கேயே நிலைத்துவிட்டால், கத்தி 'படிந்துவிட்டது' என்றுதான் பொருள். நகர்வு நிற்காமல் நாக்கு அலகின் மறு ஓரத்தை நெருங்கினால் மட்டும் கவலைப்படுங்கள். சில தயாரிப்பாளர்கள் இதை எதிர்பார்த்து, நாக்கின் நுனியில் சிறிய எஃகுத் துண்டு ஒன்றைத் திருகிவைக்கிறார்கள். உங்கள் கத்தியில் அது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியின் நிறம் மட்டும் வேறாகத் தெரியும்.

மட்டமான சரக்கா என்பதைக் கையாலேயே சோதிக்கலாம். அலகை விரித்து, பிடியை இடக்கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை வலக்கையின் இரு விரல்களால் பற்றி மேலும் கீழும் ஆட்டிப்பாருங்கள். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் உணர்வது துல்லியமாக இருக்கும். மேல்-கீழ் ஆட்டம் இருந்தால் பூட்டு சரியில்லை. அது கடைக்காரரிடம் திருப்பித்தர வேண்டிய குறை. பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால், பெரும்பாலும் அச்சாணித் திருகாணியைச் சற்று முறுக்கினால் போதும். அதிகமாக முறுக்கினால் அலகு இறுகித் திறக்க மறுக்கும். ஆகவே ஒரு நேரத்தில் கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு மட்டும் திருகுங்கள். மேசை விளிம்பில் கத்தியின் முதுகை ஓங்கி அடித்துப் பூட்டைச் 'சோதிக்கும்' பழக்கம் சிலரிடம் உண்டு. நல்ல பூட்டையும் கெடுக்கும் வழி அது.

இன்னொன்று: மூடும்போது நாக்கு ஒட்டிக்கொண்டு 'டக்'கென்று விலகுகிறதா? டைட்டானியம் எஃகோடு உரசும்போது அப்பிக்கொள்ளும் இயல்புடையது. நாக்கின் முகப்பில் 2பி பென்சிலால் நான்கு கோடு தீட்டுங்கள். பிள்ளையின் பென்சில் பெட்டியிலேயே மருந்து இருக்கிறது.

கேள்வி: டைட்டானியம் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கினேன். பிடோக் படகுத்துறையில் இரண்டு வாரம் மீன்பிடிக்கக் கொண்டுபோனதற்குள் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஏமாந்துவிட்டேனா? — வாசகர், தெம்பனிஸ்

பதில்: பிடியில் புள்ளி இருக்காது, அலகில்தான் இருக்கும், மறுபடி பாருங்கள். கூர் நிற்கும் அளவுக்கு டைட்டானியத்தைக் கடினப்படுத்த முடியாது என்பதால், அலகை வழக்கமாக எஃகால்தான் செய்கிறார்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரும் முழு உத்தரவாதம் அல்ல. எம்390 போன்ற எஃகில் 20 விழுக்காடு குரோமியம் இருந்தாலும், அதில் ஒரு பகுதியைக் கார்பன் பிடித்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சியது மட்டுமே உதவும். அதோடு, உப்புநீரில் டைட்டானியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாதாரண எஃகுத் திருகாணிகள் தனியாக இருப்பதைவிட விரைவாக அரிக்கப்படும். வீடு திரும்பியதும் குழாய்நீரில் விரித்தபடி அலசி, துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் அரைமணி நேரம் வையுங்கள். உறைக்குள் மடக்கி வைத்துவிட்டுத் தூங்கப்போவதுதான் தவறு. மீன்பிடிக்கென்றே ஒன்று வேண்டுமானால், கார்பனின் பெரும்பகுதிக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த எல்சி200என் போன்ற எஃகு அலகைத் தேடலாம். கூர் சற்று விரைவில் மழுங்கும், துரு கிட்டத்தட்ட அண்டாது.

கேள்வி: என் கத்தியின் பிடி அழகான நீல நிறம். சட்டைப்பையில் வைத்து வைத்து விளிம்புகள் வெளுத்துவிட்டன. மறுபடி சாயம் ஏற்ற முடியுமா? — வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அது சாயமே அல்ல. உலோகத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சி வளர்த்த மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பிரதிபலிப்பதால் தெரியும் நிறம். மின்னழுத்தத்தை மாற்றினால் படலத்தின் தடிமன் மாறும். நிறமும் வெண்கலத்திலிருந்து நீலம், மஞ்சள், ஊதா என்று மாறும். தேய்ந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் நிறம் பொருந்துவது கடினம். முழுவதையும் அகற்றிப் புதிதாக ஏற்றுவதே நல்லது. சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கும் பையிலிருந்து கத்தியைப் பிரித்துவையுங்கள். என்னைக் கேட்டால், வெளுத்த விளிம்புதான் கத்திக்கு அழகு.

கேள்வி: நான் ஏர்கான் பழுதுபார்ப்பவன். வேலைக்கு எம்ஆர்டி ரயிலில் போகும்போது மூன்றங்குல மடக்குக் கத்தியை எடுத்துச் செல்லலாமா? கால்சட்டைப் பையில் கிளிப் மாட்டி வைக்க வசதியாக இருக்கிறது. — வாசகர், ஜூரோங்

பதில்: கத்தியின் நீளத்தைவிட, அது எதற்காக உங்களிடம் இருக்கிறது என்பதே இங்கே சிங்கப்பூரில் முக்கியம். அரிமானப் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சட்டபூர்வமான நோக்கமின்றிப் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம். வேலைக் கருவி என்று சொல்ல உங்களுக்கு நியாயம் உண்டு. அந்த நியாயம் பார்த்தவுடன் தெரியும்படி இருக்கட்டும். திருப்புளிகளும் குறடும் இருக்கும் பையிலேயே கத்தியையும் வையுங்கள், கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். நிலையத்தில் பையைச் சோதித்தால் கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். விடுமுறை நாளில் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அது வீட்டில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் தானாக விரியும் கத்தியாக இருந்தால் வேலைக்குக்கூட வேண்டாம். விமானப் பயணமென்றால், ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: அச்சாணிக்குத் தேங்காயெண்ணெய் விடலாமா? பாட்டி அரிவாள்மனைக்கு அதைத்தான் தடவுவார். — வாசகர், அங் மோ கியோ

பதில்: பாட்டி தினமும் தடவினார், தினமும் துடைத்தார். மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் போனால் அதே எண்ணெய் சில வாரங்களில் பிசுபிசுத்து, பையிலுள்ள நூல் தூசியையெல்லாம் இழுத்துவைத்துக்கொள்ளும். வாஷருக்குப் பதில் பேரிங் இருக்கும் கத்தியென்றால் தொல்லை இரட்டிப்பு. தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். கத்தியைக் கழற்றிச் சுத்தம் செய்வதானால், நட்சத்திர வாய்த் திருகாணிகளுக்குத் தேயாத, அளவு சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துங்கள். தேய்ந்த டி6 அளவு திருப்புளி முனையால் அவசரத்தில் திருகி, என் கத்தியின் கிளிப் திருகாணியின் வாயை நான் வட்டமாக்கிவிட்டேன். விற்ற கடையில் மாற்றுத் திருகாணி கிடையாது என்றார்கள். இன்றுவரை அந்தக் கிளிப் இரண்டு திருகாணியில்தான் நிற்கிறது.