பயிற்சிக்காகக் காப்பை அடகு வைக்கலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே முறுக்குச் செய்து நாலு கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஆறு வருடமாகிறது. ஒரு பாக்கெட் 150 ரூபாய். மா, எண்ணெய்க் காசு போக 55 மிஞ்சும். ஒரு நாளைக்கு 40 பாக்கெட் போகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பல்கலைக்கழகம் ஒன்று சிறுதொழில் செய்பவர்களுக்கு மூன்று மாத வார இறுதிப் பயிற்சி நடத்துகிறதாம். கட்டணம் 45,000 ரூபாய். காப்பை அடகு வைத்துச் சேரலாமா?

பதில்: சகோதரி, காப்பு இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். படிக்க ஆசைப்படுவது நல்லதுதான், ஆனால் முதலில் அந்த 55 ரூபாயைப் பார்ப்போம்.

மாதம் 25 நாள் வேலை என்றால் உங்களுக்கு 55,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையே. கேஸ், பொலித்தீன் பை, ஆட்டோக் காசு, விற்காமல் திரும்பி வரும் பாக்கெட் எல்லாவற்றுக்குமாகப் பாக்கெட்டுக்கு 30 ரூபாய் போகிறது என்று வையுங்கள். மிச்சம் 25. அதாவது நாளைக்கு 1,000 ரூபாய். அடுப்படியில் நிற்கும் உங்கள் கூலியும் அதற்குள்தான். அடகு வட்டியையும் அதிலிருந்து எடுத்தால் என்ன மிஞ்சும்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும் இன்னும் இருவரும் இலங்கையின் நகர்ப்புறப் பெண்களிடம் செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சியை மட்டும் கொடுத்தபோது லாபம் கூடவில்லை. கூடவே 15,000 ரூபாயும் கொடுத்தபோது முதலில் கூடியது, பிறகு அந்தப் பலன் கரைந்துபோனது. புதிதாகத் தொடங்க இருந்தவர்களுக்குத்தான் பயிற்சி நன்றாக உதவியது. நீங்கள் ஆறு வருடக்காரி. அதனால் வகுப்பு முடிந்த பிறகு யாராவது உங்கள் கணக்கை உட்கார்ந்து பார்ப்பார்களா, தமிழில் விளக்குவார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் நான் அந்தப் பயிற்சிக்கு ஆதரவு.

நுகேகொடைப் பக்கம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் தொழில்முயற்சிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நாவலையில் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. உங்களுக்கேற்ற பயிற்சி உண்டா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். உங்கள் பிரதேச செயலகத்திலும் சிறுதொழிலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று விசாரியுங்கள். போய்க் கேட்பதற்குக் காசு வேண்டாம்.

இன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி ஒரு மாதம் வரவு செலவு எழுதுங்கள். கடைகளில் நிலுவையில் நிற்கும் காசையும் விடாதீர்கள், பலருடைய லாபம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரே ஒரு கடையில் விலையை 170 ஆக்கிப் பாருங்கள். விற்பனை குறையாவிட்டால் அங்கே மிச்சம் 25இலிருந்து 45 ஆகிவிடும். மற்றக் கடைகளிலும் அது எடுபட்டால் அந்தக் கூடுதல் காசிலேயே கட்டணத்தைச் சேர்க்கலாம். தவணையாகக் கட்ட விடுவார்களா என்றும் கேட்டு வையுங்கள்.